அதிகாரம், பணம், பொறுப்பு: அமெரிக்க மாநில, உள்ளாட்சி அரசுகள் தரும் பாடம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அமெரிக்க ஆட்சிமுறை பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆனால் வெள்ளை மாளிகையைப் பற்றி இன்று பேசப்போவதில்லை. அந்த நாட்டைப் பற்றி நம் செய்தித்தாள்களில் வருவதில் பெரும்பகுதி அதிபரையும் வாஷிங்டனையுமே சுற்றி வருகிறது. அங்கே வாழும் ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்க்கையோ வேறு அரசுகளின் கையில் இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளி, குழாயில் வரும் தண்ணீர், தெருவில் ரோந்து வரும் போலீஸ், வீடு கட்ட அனுமதி, ஓட்டுநர் உரிமம், திருமணப் பதிவு, திருட்டு முதல் கொலை வரை பெரும்பாலான குற்ற வழக்குகள், ஏன், அதிபர் தேர்தலுக்கான வாக்குச்சீட்டை அச்சடிப்பதுகூட மாநில அரசும் உள்ளாட்சியும் செய்யும் வேலை. மத்திய அரசின் குடிமைப் பணியாளர்கள் 2024-இல் அஞ்சல் துறையையும் சேர்த்துச் சுமார் 30 லட்சம் பேர். மாநிலங்களிலும் உள்ளாட்சிகளிலும் பணியாற்றுவோர் இரண்டு கோடியை ஒட்டி இருக்கிறார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். முடிவெடுக்கும் அதிகாரம், அதை நிறைவேற்றப் பணம், மக்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும்போது அமெரிக்க உள்ளாட்சி எவரும் பார்த்துக் கற்கத்தக்கதாக இருக்கிறது. மூன்றில் ஒன்று விலகிப்போனாலும் அதே அமைப்பு ஏழைகளைக் கைவிட்டுவிடுகிறது. இரண்டுக்கும் சான்று காட்டுகிறேன்.

அரசமைப்பில் இடம்பெறாத நகரம்

1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் உள்ளாட்சி பற்றி ஒரு விதிகூட இல்லை. மத்திய அரசுக்கு வழங்கப்படாத, மாநிலங்களுக்குத் தடுக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று 1791-இல் சேர்க்கப்பட்ட பத்தாவது திருத்தம் சொல்கிறது. அதனால் மாநிலங்களின் நிலை உறுதியானது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசமைப்புச் சட்டம், தனி உச்ச நீதிமன்றம், தனிக் குற்றவியல் சட்டம் உண்டு. இந்தியாவில் நாடாளுமன்றம் ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்றலாம். அமெரிக்காவில் அந்தந்த மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் அது நடக்காது.

மாநிலத்துக்கு இவ்வளவு உறுதி தரும் சட்டம், நகரத்துக்கு எந்த உறுதியும் தரவில்லை. நகரங்களும், நம் மாவட்டங்களைப் போன்ற கவுண்டிகளும் மாநிலச் சட்டத்தால் பிறந்தவை. 1868-இல் அயோவா மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஜான் டில்லன் இதை ஒரு கோட்பாடாகவே வகுத்தார். சட்டமன்றம் கொடுத்த அதிகாரம் எதுவோ அதுதான் நகராட்சியின் அதிகாரம். ஐயம் எழுந்தால் நகராட்சிக்கு அந்த அதிகாரம் இல்லை என்றே கொள்ள வேண்டும். ரயில் கம்பெனிகளை ஈர்ப்பதற்காக நகராட்சிகள் கண்மூடித்தனமாகக் கடன் பத்திரம் வெளியிட்டு நொடித்துப்போன காலம் அது. அந்தச் சூழலில் பிறந்த கருத்து பல மாநிலங்களில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

இதன் கடுமையை அலிகெனி நகரம் பட்டுத் தெரிந்துகொண்டது. பென்சில்வேனியாவில் அந்நகரத்தைப் பக்கத்துப் பெருநகரமான பிட்ஸ்பர்க்கோடு இணைக்க முடிவு செய்தார்கள். வாக்கெடுப்பில் இரண்டு நகரங்களின் வாக்குகளையும் ஒன்றாகக் கூட்டி எண்ணினார்கள். அலிகெனி மக்களில் பெரும்பான்மையோர் வேண்டாம் என்று சொல்லியும், பிட்ஸ்பர்க்கின் வாக்குகளில் அவர்கள் குரல் கரைந்துபோனது. 1907-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கமே நின்றது. நகரத்தை உருவாக்கவும், பெரிதாக்கவும், கலைக்கவும் மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது.

இதற்கு எதிர்வினையாக எழுந்ததுதான் தன்னாட்சிச் சாசன இயக்கம். நகரம் தன் அடிப்படைச் சட்டமான சாசனத்தைத் தானே எழுதிக்கொள்ளும் உரிமையை 1875-இல் மிசூரி மாநிலம் தன் அரசமைப்பில் சேர்த்தது. மறு ஆண்டே செயின்ட் லூயிஸ் நகரம் அதைப் பயன்படுத்திக்கொண்டது. இன்று பெரும்பாலான மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் இவ்வுரிமை இருக்கிறது. ஆனாலும் மாநிலம் நினைத்தால் நகரத்தின் முடிவைச் செல்லாததாக்க முடிகிறது. அலபாமாவின் பர்மிங்காம் நகர மன்றம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 10.10 டாலராக உயர்த்த முடிவெடுத்தது. 2016 பிப்ரவரியில் மாநிலச் சட்டமன்றம் விரைந்து செயல்பட்டு, எந்த நகரமும் தனியாகக் கூலி நிர்ணயிக்கக் கூடாது என்று சட்டம் இயற்றி அதை முடக்கியது. தொழிலாளிக்குக் கிடைக்கவிருந்த உயர்வு போயிற்று. மத்திய அரசு நிர்ணயித்த 7.25 டாலரே நிலைத்தது.

ஐம்பது சோதனைக் களங்கள்

மாநில ஆளுநரை நம் ஊர் ஆளுநரோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது. அவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் நிர்வாகத் தலைவர். பெரும்பாலான மாநிலங்களில் அரசுத் தலைமை வழக்கறிஞரையும் மக்களே தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆளுநர் ஒரு கட்சியாகவும் வழக்கறிஞர் எதிர்க்கட்சியாகவும் இருப்பது அங்கே சாதாரணம்.

சட்டமன்றங்களும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. நெப்ராஸ்காவில் மட்டும் 1937 முதல் ஒரே அவை. நியூ ஹாம்ப்ஷயரின் மக்கள்தொகை 15 லட்சத்தைத் தொடவில்லை. கீழவை உறுப்பினர்களோ 400 பேர். இரண்டாண்டுப் பதவிக்காலம் முழுவதற்கும் அவர்களுக்குச் சம்பளம் 200 டாலர். 1889-இல் நிர்ணயித்த தொகை இன்றும் மாறவில்லை. டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 140 நாள்தான்.

இந்த வேறுபாடுகளால் ஒரு நன்மை உண்டு. நாடு முழுவதும் செய்யத் துணியாததை ஒரு மாநிலம் முதலில் செய்து பார்க்கிறது. வயோமிங் முழு மாநிலமாவதற்கு முன்பே, 1869-இல், பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. நாடு முழுவதற்கும் அது வர 1920 ஆயிற்று. மாசசூசெட்ஸ் 2006-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுத் திட்டமே 2010-இல் தேசியச் சட்டத்துக்கு முன்மாதிரியாக அமைந்தது.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடிமை முறையையும், பின்னர் நிறவெறிச் சட்டங்களையும் காப்பாற்ற எழுந்த முழக்கமும் மாநில உரிமைதான். அலபாமாவின் 1901 அரசமைப்பு கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிக்கும் நோக்கத்தோடு எழுதப்பட்டது. 1957-இல் ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழையாதபடி ஆளுநர் மாநிலப் படையை நிறுத்தினார். அதிபர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பிய பிறகே அவர்களால் வகுப்புக்குப் போக முடிந்தது. அதிகாரம் மக்களுக்கு அருகில் இருந்தால் போதும், நீதி தானாக வந்துவிடும் என்று நம்புவோர் லிட்டில் ராக்கை மறக்கக் கூடாது.

தொண்ணூறாயிரம் அரசுகள்

ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை அரசுகளையும் எண்ணுகிறது. 2022 கணக்கின்படி உள்ளாட்சி அரசுகள் 90 ஆயிரத்துக்கும் அதிகம். கவுண்டிகள் சுமார் 3,000. நகராட்சிகள் 19 ஆயிரத்துக்கு மேல். டவுன்ஷிப் எனப்படும் ஊர் அமைப்புகள் 16 ஆயிரத்துக்கு மேல். தனித்து இயங்கும் பள்ளி மாவட்டங்கள் ஏறத்தாழ 12,500. மீதி 39 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை ஒரே ஒரு வேலைக்காக அமைந்த சிறப்பு மாவட்டங்கள். தீயணைப்புக்கு ஒன்று, குடிநீருக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, கொசு ஒழிப்புக்குக்கூட ஒன்று என இருக்கின்றன. ஒரே வீட்டுக்காரர் ஆண்டுதோறும் கட்டும் சொத்து வரிச் சீட்டில் கவுண்டிக்கு இவ்வளவு, நகரத்துக்கு இவ்வளவு, பள்ளிக்கு இவ்வளவு, நீர் மாவட்டத்துக்கு இவ்வளவு என்று தனித்தனி வரிகளாக அச்சிட்டிருக்கும்.

கவுண்டி என்றால் ஒரே அளவு என்று எண்ண வேண்டாம். டெக்சாஸின் லவிங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 64 பேர். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர். பெரும்பாலான மாநிலங்களில் கவுண்டிக்கு ஒரு ஷெரிஃப், அதாவது காவல் தலைவர். அவர் மக்களிடம் வாக்குக் கேட்டுப் பதவிக்கு வருபவர். இந்தியத் தேர்தல் ஆணையம் போல நாடு தழுவிய தேர்தலை நடத்தும் அமைப்பு அங்கே இல்லை. கவுண்டி, நகர அலுவலகங்களே நடத்துகின்றன. 2000-ஆம் ஆண்டு அதிபர் தேர்தல் ஃபுளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசத்தில் முடிந்தபோது, பாம் பீச் கவுண்டியின் வாக்குச்சீட்டு அமைப்பு பலரைக் குழப்பியதை உலகமே விவாதித்தது. ஓர் உள்ளூர் அலுவலகம் வடிவமைத்த தாளுக்கு அவ்வளவு கனம் இருந்தது.

நகர ஆட்சியின் வடிவத்தையும் அவர்கள் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். 1913 மார்ச்சில் ஒஹையோவின் டேட்டன் நகரை வெள்ளம் மூழ்கடித்தது. நகரை மீட்டெடுக்கும் பணிக்கு நிர்வாகப் பயிற்சி பெற்றவர் தேவை என்று மக்கள் உணர்ந்தார்கள். புதிய சாசனம் எழுதி, 1914 முதல் நகர மேலாளர் முறைக்கு மாறினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கொள்கையை வகுக்கும்; மன்றம் நியமிக்கும் மேலாளர் நிர்வாகத்தை நடத்துவார்; சரியில்லை என்றால் மன்றம் அவரை நீக்கும். அந்த முறை இன்று ஆயிரக்கணக்கான ஊர்களில் இருக்கிறது. மேலாளர் மன்றத்துக்குக் கட்டுப்பட்டவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளின்ட் நகரத்தைப் பற்றிச் சொல்லும்போது இது தேவைப்படும்.

ஊர் கூடி முடிவெடுக்கும் நாள்

அதிகாரம், பணம், பொறுப்பு மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு வெர்மான்ட் மாநிலத்தைச் சொல்வேன். மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை அங்கே ஊர்க்கூட்ட நாள். கூட்டத்தில் பேசப்படும் பொருள்களைக் குறைந்தது 30 நாளுக்கு முன்பே பொது இடத்தில் அறிவித்து ஒட்ட வேண்டும். அந்த அறிவிப்பில் இல்லாத எதையும் கூட்டம் கட்டுப்படுத்தும் முடிவாக எடுக்க முடியாது. கடைசி நேரத்தில் யாரும் எதையும் நுழைக்காமல் தடுக்கும் ஏற்பாடு இது.

பள்ளிக்கூட அரங்கிலோ ஊர் மண்டபத்திலோ கூட்டம் நடக்கிறது. முதல் வேலை, கூட்டத்தை நடத்தும் நடுவரைத் தேர்ந்தெடுப்பது. பிறகு வரிசைப்படி ஒவ்வொரு பொருளாக எடுக்கிறார்கள். பனி அள்ளும் லாரி வாங்க இத்தனை டாலர் ஒதுக்கலாமா என்று ஒரு பொருள் வருகிறது. யாரோ எழுந்து பழைய லாரி இன்னும் இரண்டு ஆண்டு ஓடாதா என்று கேட்கலாம். சாலைப் பொறுப்பாளர் அங்கேயே நின்று பதில் சொல்ல வேண்டும். தொகையைக் குறைக்கத் திருத்தம் கொண்டுவரலாம். கடைசியில் குரல் வாக்கெடுப்பு. ஐயம் இருந்தால் எண்ணிப் பார்ப்பார்கள். ஒதுக்கும் பணம் அவர்கள் கட்டப்போகும் வரி. அந்த லாரி ஓடப்போவது அவர்கள் வீட்டு வழியில். தவறு நடந்தால் கேட்க வேண்டிய ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

இதிலும் குறை உண்டு. வருவோர் எண்ணிக்கை பல பத்தாண்டுகளாகக் குறைந்து வருகிறது. வேலைக்குப் போகிறவர்களால் பகல் முழுவதும் உட்கார முடிவதில்லை. பல ஊர்கள் கூட்டத்தில் பேசி முடிவெடுப்பதை விட்டு, வாக்குச்சீட்டு முறைக்கு மாறிவிட்டன. ஆனாலும் வரி கட்டுகிறவரும் முடிவெடுக்கிறவரும் ஒருவராக இருக்கும் அந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

பணம் இல்லாத அதிகாரம்: எட்ஜ்வுட்

டெக்சாஸின் சான் அன்டோனியோ பெருநகரப் பகுதியில் ஒரு பள்ளி மாவட்டம் எட்ஜ்வுட். மாணவர்களில் பத்தில் ஒன்பது பேர் மெக்சிகோ வம்சாவளியினர். 1968 மே மாதம் அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நூற்றுக்கணக்கில் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். பாடப் பொருள்கள் போதவில்லை, தகுதி பெற்ற ஆசிரியர்கள் போதவில்லை என்பது அவர்கள் முறையீடு. விமானப்படைத் தளத்தில் தகட்டு வேலை செய்த டிமெட்ரியோ ராட்ரிகஸ் என்ற தந்தையும் மற்றப் பெற்றோர்களும் மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள்.

வழக்கில் வெளிவந்த 1967-68 கணக்கைக் கவனியுங்கள். எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அதே பெருநகரப் பகுதியின் செல்வந்த மாவட்டமான அலமோ ஹைட்ஸில் வரி 0.85 டாலர். மாநிலத் திட்டத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கு போக, அந்த வரியிலிருந்து எட்ஜ்வுட்டில் ஒரு மாணவருக்குக் கிடைத்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸில் 333 டாலர். மாநில, மத்திய உதவிகளைச் சேர்த்த பிறகும் 356-க்கு எதிராக 594. ஏழைகள் கூடுதல் விகிதத்தில் வரி கட்டினார்கள். அவர்களுடைய நிலத்துக்கு மதிப்பில்லாததால் பள்ளிக்குப் பணம் வரவில்லை. தங்கள் பள்ளிக்கு எவ்வளவு செலவிடலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரம் எட்ஜ்வுட் வாரியத்துக்கு ஏட்டில் இருந்தது. அந்த அதிகாரத்தைக் கொண்டு அவர்களால் எதை வாங்க முடிந்தது?

1973 மார்ச் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் பெற்றோருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கல்வி அரசமைப்பு உறுதி செய்த அடிப்படை உரிமை அல்ல என்றது. உள்ளூர்க் கட்டுப்பாட்டைக் காக்க இந்த வரிமுறை ஏற்கத்தக்கதே என்றது. நீதிபதி தர்குட் மார்ஷல் கடுமையாக மறுத்து எழுதினார்.

எட்ஜ்வுட் மக்கள் ஓய்ந்துவிடவில்லை. டெக்சாஸின் சொந்த அரசமைப்பு, திறம்பட இயங்கும் பொதுப்பள்ளி அமைப்பை ஏற்படுத்துவது சட்டமன்றத்தின் கடமை என்கிறது. அந்த விதியைப் பற்றிக்கொண்டு மாநில நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1989-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993-இல் செல்வந்த மாவட்டங்களின் வரி வருவாயில் ஒரு பகுதியை எடுத்து ஏழை மாவட்டங்களுக்குத் தரும் சட்டம் வந்தது. மத்திய அரசமைப்பு மூடிய கதவை மாநில அரசமைப்பு திறந்தது. ஒரு நாட்டில் பல அரசமைப்புகள் இருப்பதன் பயனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கை நான் அறியேன். பெற்றோர் வழக்குத் தொடுத்த நாளிலிருந்து அதற்குள் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன என்பதையும் வருத்தத்தோடு சொல்கிறேன்.

பொறுப்பு இல்லாத அதிகாரம்: ஃபிளின்ட்

மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட், கார்த் தொழிலால் வளர்ந்து, தொழிற்சாலைகள் மூடியதால் நொடித்த நகரம். கடனில் மூழ்கிய நகரங்களுக்கு அவசரகால மேலாளரை நியமிக்க மாநிலச் சட்டம் இடம் கொடுத்தது. மேயரும் நகர மன்றமும் பெயரளவில் இருப்பார்கள்; முடிவு மேலாளர் கையில். டேட்டன் கண்ட மேலாளரை நகர மன்றம் நியமித்தது, நகர மன்றத்தால் நீக்கவும் முடியும். ஃபிளின்ட்டின் மேலாளரை நியமித்தது மாநில ஆளுநரின் நிர்வாகம். 2012 நவம்பரில் இந்தச் சட்டத்தை மிச்சிகன் வாக்காளர்கள் பொதுவாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் அதைப் போன்ற வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. அதில் ஒரு நிதி ஒதுக்கீட்டையும் சேர்த்தது. நிதி ஒதுக்கும் சட்டத்தை அம்மாநிலத்தில் பொதுவாக்கெடுப்புக்கு விட முடியாது.

2014 ஏப்ரலில் செலவைக் குறைப்பதற்காக, டெட்ராய்ட்டிலிருந்து வந்த நீரை நிறுத்திவிட்டு ஃபிளின்ட் ஆற்று நீரைத் திறந்தார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் குடிநீரில் கலந்தது. பழுப்பு நிறத் தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு தாய்மார்கள் கூட்டத்துக்குக் கூட்டம் போய் நின்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில், அந்தத் தண்ணீர் எந்திர பாகங்களை அரிக்கிறது என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை வேறு நீருக்கு மாறிக்கொண்டது. மக்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2015 மார்ச்சில் நகர மன்றம் 7-க்கு 1 என்று டெட்ராய்ட் நீருக்குத் திரும்ப வாக்களித்தது. அவசரகால மேலாளர் ஏற்க மறுத்தார். மக்கள் தேர்ந்தெடுத்தவர்களின் வாக்கு வெறும் கோரிக்கையாக நின்றது.

குழந்தைகள் மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா 2015 செப்டம்பரில் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதைத் தரவுகளோடு வெளியிட்டார். அதன் பிறகே, அக்டோபரில், பழைய நீர் திரும்பியது. ஆளுநரே அமைத்த குழு 2016-இல் கொடுத்த அறிக்கை, முதன்மைப் பொறுப்பை மாநில அரசின் மீது வைத்தது.

கடன் அடைய வேண்டும் என்பது நியாயமான கவலைதான். ஆனால் அந்த மக்களிடம் வாக்குக் கேட்டு வர வேண்டியிராதவர் அந்த முடிவை எடுத்தார். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்திருந்தால், முதல் மாதத்திலேயே ஒரு தாயின் புட்டி அவர் கண்ணில் பட்டிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நிறைவாக

எட்ஜ்வுட்டில் அதிகாரமும் பொறுப்பும் இருந்தன, பணம் இல்லை. ஃபிளின்ட்டில் பொறுப்பை மக்கள் பிரதிநிதிகளிடம் விட்டு, அதிகாரத்தை வேறு கைக்கு மாற்றினார்கள். பர்மிங்காமில் நகரம் எடுத்த முடிவை மாநிலம் பறித்தது. மூன்று இடங்களிலும் பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் ஏழைகள். நிறத்தாலோ மரபாலோ ஒதுக்கப்பட்டவர்கள். இதைத் தற்செயல் என்று என்னால் சொல்ல முடியாது.

அதே நேரத்தில், மேலே உள்ள அரசு தலையிடவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. லிட்டில் ராக்கில் மத்திய அரசு தலையிட்டிருக்காவிட்டால் அந்த ஒன்பது மாணவர்களுக்கு நீதி கிடைத்திருக்காது. எட்ஜ்வுட்டுக்குப் பணம் வந்ததும் மாநிலம் தலையிட்டதால்தான். தலையீட்டை அளக்க ஒரு வழி இருக்கிறது. அது குடிமகனின் உரிமையையும் வளத்தையும் கூட்டுகிறதா, அல்லது அவர் தேர்ந்தெடுத்தவர்களின் வாயை அடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே, ஆட்சியியல் படிக்கும் நீங்கள் எந்த உள்ளாட்சியை ஆராயும்போதும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இங்கே முடிவெடுப்பவர் யார்? அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது? தவறினால் அவரை மாற்ற யாரால் முடியும்? மூன்றுக்கும் விடை அந்த ஊர் மக்களிடமே வந்து சேருமானால் அங்கே மக்களாட்சி நடக்கிறது. சேரவில்லை என்றால், எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதே உங்கள் படிப்பின் கடமை.